துணைக்கால்

திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என் பையில் இருந்த பிஸ்கட் டின்களையும் தைல பாட்டில்களையும் ஒதுக்கிவிட்டு, துணிக்கு நடுவே சுருட்டி வைத்திருந்த பச்சைப் பெட்டியைக் கையில் எடுத்தார். உள்ளங்கை அளவுதான் இருக்கும். மேலே சின்னதாக ஒரு நெம்புகோல்.

"இது என்னங்க?"

"சில்லு படிக்கிற கருவி."

"சில்லுன்னா? பாண்டி ஆடுற சில்லா?"

வரிசையில் பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். ஈப்போவில் எங்கள் வாயில் சில்லு, கணினி, விசைப்பலகை என்றுதான் வரும். அதையே தமிழ்நாட்டில் வந்து சொன்னால் ஏதோ மேடையில் பேசுகிறவளைப் போலப் பார்க்கிறார்கள். "கம்ப்யூட்டர் சிப்புங்க, பழசு" என்று மாற்றிச் சொன்னதும் போகச் சொல்லிவிட்டார்.

என் பொழுதுபோக்கு என் உறவுக்காரர்களுக்கே புரிவதில்லை. தொலைபேசி நிலையத்தில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவள் நான். பழைய கணினி என்றால் எனக்குப் பைத்தியம். எந்த வீட்டுப் பரணில் கிடந்தாலும் தேடிப் பிடித்து, என்ன ரகம் என்று அடையாளம் கண்டு, ஓட வைத்து, அதைக் காப்பாற்றக்கூடிய ஒருவர் வீட்டில் சேர்ப்போம். ஊருக்கு ஒருவராக உலகம் முழுக்க எங்களைப் போல் கொஞ்சம் பேர் இருக்கிறோம். இப்படிக் கைமாற்றுவதற்கு எங்கள் குழுவில் 'தத்து' என்று பெயர். இந்த முறை தத்து வீடு பினாங்கில், கணினிப் பெட்டி ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில். எடுத்துப்போக வந்தவள் நான்.

வெளியே அன்வர் ஸ்கூட்டரோடு நின்றார். புத்தூரில் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே இயந்திரங்களைப் பார்த்துக்கொள்பவர். குழுவில் ஆறு வருஷப் பழக்கம், நேரில் இதுதான் முதல் முறை.

"பசியாறிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"நீங்க பேசுறது செய்தி வாசிக்கிற மாதிரியே இருக்குக்கா. இங்க டிபன் ஆச்சான்னு கேப்போம்."

புத்தூர் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் பொங்கல் வாங்கிக் கொடுத்தார். மிளகு நெய்யில் பொரிந்து கிடந்தது. எங்கள் ஊர்க் கடைகளில் பொங்கல் என்று கொடுப்பதை இனிமேல் கஞ்சி என்றுதான் சொல்ல வேண்டும். நான் இரண்டாவது தட்டு சொன்னேன். அன்வர் முதல் தட்டையே பிசைந்துகொண்டிருந்தார். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும்.

அவர் அறை மூன்றாம் மாடியில். பழுது பார்ப்பதற்காக ஸ்ரீரங்கத்திலிருந்து முன்பே எடுத்து வந்திருந்த அந்தக் கணினிப் பெட்டி மேசை மேல் இருந்தது. ஒரு காலத்தில் பள்ளிக்கூடங்களுக்குக் கொடுத்த ரகம். டிவியில் மாட்டி ஓட்டலாம், கேசட்டில் பதியலாம். அதன் சொந்தக்காரர் தானே தமிழ் எழுத்துகளை வரைந்து, அதற்கென்று தனியாக ஒரு சில்லு செய்து உள்ளே சொருகியிருந்தார். இதுபோல் இன்னொன்று இருப்பதாக எங்கள் குழுவில் யாருக்கும் தெரியாது. நான் கடல் தாண்டி வந்தது அதற்காகத்தான்.

அந்தக் காலத்துச் சில்லுகளின் தலையில் ஒரு கண்ணாடி ஜன்னல் இருக்கும். அதன் வழியே நாள்கணக்கில் வெயில் பட்டால் உள்ளே எழுதியது அழிந்துவிடும். அதனால் ஜன்னல் மேல் ஒரு ஸ்டிக்கரை ஒட்டியிருப்பார்கள். அந்த ஸ்டிக்கரை உரிக்காதே என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். ஆனால் என் கருவி இந்தச் சில்லைப் படிக்குமா என்று தெரிய அதன் எண் வேண்டும். எண் ஸ்டிக்கருக்கு அடியில் இருந்தது. "உரிச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு, உடனே ஒட்டிடுங்க" என்று அன்வருக்கு எழுதியவள் நான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள்.

அவர் உரித்தார், படம் எடுத்தார், ஒட்டினார். பிறகு போர்டைக் கழுவி மொட்டை மாடியில் காய வைத்தார். பழைய பசை எப்போது விட்டது, ஸ்டிக்கர் எப்போது பறந்தது என்று தெரியவில்லை. மருத்துவமனையில் இரட்டை ஷிப்ட். பத்து நாள் கழித்து மாடிக்குப் போனபோது அக்னி நட்சத்திர வெயிலில் ஜன்னல் பளபளவென்று திறந்து கிடந்ததாம்.

"சொல்லணும்னு தினம் நெனைப்பேங்க்கா. நீங்க வந்து மெஷின்ல வச்சுப் பாத்தா ஒருவேளை இருக்கும்னு..." என்று நிறுத்தினார்.

சில்லைக் கருவியில் வைத்து நெம்புகோலை அழுத்தினேன். காலி என்று காட்டியது. மூன்று முறை படிக்க வைத்தேன், மூன்று முறையும் காலி. பெட்டியை ஓட்டிப் பார்த்தோம். ஆங்கில எழுத்தும் புள்ளியும் கமாவும் சரியாக வந்தன, அவை வேறு சில்லு. தமிழ் வர வேண்டிய இடத்தில் எல்லாம் வெள்ளைக் கட்டம். எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் கொட்ட வாயைத் திறந்து, உரிக்கச் சொன்னது யார் என்று நினைவு வந்து மூடிக்கொண்டேன்.

அன்று மதியமே ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம் போனோம். பெட்டிக்காரரின் மனைவியிடம் அன்றைக்கே சொல்லிவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். காவிரிப் பாலத்தில் பஸ் நின்று நின்று போயிற்று. கீழே மணல், ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர். ஈப்போவில் சாயங்காலம் தவறாமல் மழை கொட்டும், ஆற்றை யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இங்கே பஸ்ஸில் பாதிப் பேர் ஜன்னல் பக்கம் எட்டி எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது என்று பார்த்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள்.

வேதவல்லி மாமியின் வீடு கீழச் சித்திரை வீதியில், அடுக்ககத்தின் முதல் மாடி. எண்பது தாண்டியவர், கணக்கு டீச்சராக இருந்தவர். அடுத்த மாதம் கோயம்புத்தூரில் ஒரு முதியோர் குடியிருப்புக்குப் போகிறார். பாதிச் சாமான் ஏற்கெனவே அட்டைப் பெட்டிகளில் ஏறியிருந்தது.

"மாமி, சிப்புல இருந்த எழுத்தெல்லாம் அழிஞ்சிடுச்சு. தப்பு என்னுடையது" என்றேன், உட்காருவதற்கு முன்பே.

"இல்ல மாமி, வெயில்ல வச்சது நான்" என்றார் அன்வர்.

"யாரோடதுன்னு அப்பறம் பிரிச்சுக்கோங்கோ. பெட்டியோட கொடுத்த கேசட்டெல்லாம் இருக்கோன்னோ?"

"இருக்கு."

"அப்ப எழுத்துதானே போயிருக்கு. சொன்னது போகலையே. தளிகை ஆயிடுத்து, சாப்பிடுங்கோ."

சாத்தமுது என்று ஊற்றினார். ரசம்தான், ஆனால் வெங்காயமோ பூண்டோ இல்லாமல் இவ்வளவு வாசனை எப்படி வருகிறது என்று தெரியவில்லை. குற்ற உணர்ச்சியோடு சாப்பிட்டாலும் ருசி தெரியத்தான் செய்கிறது. தட்டை எடுத்த பிறகு மாமி தானாகவே சொல்ல ஆரம்பித்தார்.

அவர் கணவர் பிசிக்ஸ் வாத்தியார். தொண்டையில் கட்டி வந்து, ஆப்பரேஷனில் குரல் போய்விட்டது. பேனா பிடித்தால் கை நடுங்கும். பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட இந்தப் பெட்டியைக் கொண்டுவந்து, தமிழ்ச் சில்லு செய்து, டிவியில் மாட்டினார். நாலு வருஷம் இரண்டு பேரும் அப்படித்தான் பேசினார்கள். அவர் தட்டுவார், இவர் திரையைப் பார்த்துப் பதில் சொல்வார். ஒவ்வொரு நாள் பேச்சையும் கேசட்டில் ஏற்றி வைப்பது அவர் பழக்கம்.

"கட்டி மறுபடி வந்தது. டாக்டர் இன்னொரு ஆப்பரேஷன்னார். கையெழுத்துப் போட்டது நான். அதுக்கு முதல் நாள் சாயங்காலம் இங்க தனியா உட்கார்ந்து என்னமோ அடிச்சிண்டிருந்தார். நான் கிட்ட வந்ததும் டிவியை அணைச்சுட்டார். கேசட் சுத்தற சத்தம் மட்டும் கேட்டது. ஆப்பரேஷனுக்கு அப்பறம் அவர் கண்ணே முழிக்கலை."

பெட்டியும் அந்த மாதமே நின்றுபோயிற்றாம். "யாரையாவது கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லலாம்னு தோணும். பயமா இருக்கும், விட்டுடுவேன். முப்பது வருஷம் போயிடுத்து. அவருக்கு அதுல சம்மதமா இல்லையான்னு எனக்குத் தெரியணும். தெரிஞ்சுண்டா பெட்டியை நீ எங்க வேணா எடுத்துண்டு போ" என்றார்.

திரும்பும்போது பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். சில்லு மட்டும் அழியாமல் இருந்திருந்தால் அந்தக் கேசட்டைப் போட்ட ஒரு நிமிஷத்தில் மாமி திரையில் படித்திருப்பார்.

இரண்டாம் நாள் காலை கேசட் பிளேயர் தேடி அலைந்தோம். அன்வர் வைத்திருந்ததில் ரப்பர் பெல்ட் பாகாக உருகிப் போயிருந்தது. காந்தி மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பழைய சாமான் கடை உண்டு என்று போனோம். வெங்காய மூட்டையோடு வந்த சுமைக்காரர் ஒருவர் "வழி, வழி, டீச்சரம்மா வழி" என்று என்னை ஓரம் கட்டினார். என் மூஞ்சியில் என்ன எழுதி ஒட்டியிருக்கிறதோ தெரியவில்லை. கடைக்காரர் பிளேயரை எடுத்துத் தூசி தட்டி, "பாட்டு கேக்கவா?" என்றார். "இல்லீங்க, ஒருத்தர் பேசினதைக் கேக்க" என்றார் அன்வர். கடைக்காரர் இன்னொரு துணி எடுத்து மறுபடி துடைத்துக் கொடுத்தார்.

பெட்டியையும் டிவியையும் மாமி வீட்டுக்கே கொண்டுபோய்விடலாம் என்று முடிவு செய்தோம். பழைய குண்டு டிவி, என் மடியில். பாலத்தின் சரிபாதியில் ஆட்டோ நின்றுவிட்டது. பெட்ரோல் இல்லை. டிரைவரும் அன்வரும் தள்ள, நான் டிவியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நடந்து போன ஒருவர் குனிந்து பார்த்து, "டிவி காத்து வாங்க வந்திருக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். பதில் சொல்ல வாய் துறுதுறுத்தது. அன்வர் வியர்த்து ஒழுகுவதைப் பார்த்து விட்டுவிட்டேன்.

கேசட்டின் கிறீச் ஒலியை மடிக்கணினி எண்களாக மாற்றித் தரும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண். எந்த எண் எந்த எழுத்து என்பது அழிந்த சில்லுக்குத்தான் தெரியும். விசைகள் மேலும் தமிழ் எழுத்து எதுவும் இல்லை, எது எங்கே என்பது அவர் விரலோடு போயிற்று. பக்கம் பக்கமாக எண்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம். அதிலும் ஒரு கோளாறு. எந்தக் கேசட்டைப் போட்டாலும் முதல் பதினான்கு எண்கள் ஒன்றாகவே இருந்தன.

"பிளேயர் சரியில்ல. ஒரே எடத்தையே திரும்பத் திரும்பப் படிக்குது" என்றேன்.

மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தாளை வாங்கிப் பார்த்தார். விரலால் எண்ணினார். பிறகு சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான்.

"கோளாறு இல்லைம்மா. 'ஸ்ரீமதே ராமாநுஜாய நம:'ன்னு மேல போடாம அவர் சலவைக்குத் துணி போட்ட சீட்டுக்கூட எழுத மாட்டார்."

"நாங்க பிஸ்மில்லா போடுற மாதிரி" என்றார் அன்வர்.

மாமி ஒரு நோட்டை எடுத்து எண்ணுக்கு நேரே எழுத்தை எழுதினார். டைப்ரைட்டரில் தட்டுகிற மாதிரி கொம்பு தனி, துணைக்கால் தனி. ஆறாவது, எட்டாவது, பதினொன்றாவது எண் மூன்றும் 163. ரா, மா, ஜா. "பாரு, துணைக்கால் கிடைச்சாச்சு" என்றார். கிடைத்ததை வைத்துக் கிடைக்காததைப் பிடிக்க வேண்டும். 'மா'வுக்கு அடுத்துத் தெரியாத எண் வந்தால் மாடியா மாவடுவா, 'தே'வுக்கு அடுத்து வந்தால் தேரா தேனா என்று, குறுக்கெழுத்துப் போட்டி மாதிரி. சாயங்காலத்துக்குள் இருபது எழுத்துகள் பிடித்துவிட்டோம்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் மாமி வீட்டிலேயே போயின. அந்த இரண்டு நாளும் அவர் இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன். முதலில் முழுசாக வந்த வரி இது: "சாத்தமுதுல உப்பு இல்லை. எனக்குத் தொண்டைதான் போச்சு, நாக்கு இருக்கு." மாமி சிரித்துச் சிரித்துப் புரை ஏறித் தண்ணீர் குடித்தார். "காபி வேணும்." "பக்கத்தாத்துக்காரர் வந்தா நான் தூங்கறேன்னு சொல்லு." "உன் புடவை நன்னா இருக்கு. நேத்தே சொல்லணும்னு நினைச்சேன், கரண்ட் போயிடுத்து." இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து சமையலறைக்குப் போனவர், கொஞ்ச நேரம் கழித்துத்தான் வந்தார்.

பிடிபட்ட எழுத்தை எல்லாம் சின்னச் சின்னத் தாளில் எழுதி, எந்த விசை அந்த எண்ணைக் கொடுக்கிறது என்று என்னைக் கேட்டு, அதன் மேல் ஒட்டினார். திரையில் வெள்ளைக் கட்டம்தான் வரும். புதுச் சில்லு எழுதுவதென்றால் ஒவ்வோர் எழுத்தையும் புள்ளி புள்ளியாக வரைய ஒரு மாதம் ஆகும், கட்டாயம் செய்து அனுப்புகிறேன் என்றேன். "அனுப்பு, அனுப்பு" என்றார். ஒரு பாவம் செய்தோம், அதில் இந்த அம்மாளுக்கு இப்படி ஒரு சந்தோஷம் கிடைக்கிறதே என்று எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

கடைசிக் கேசட்டின் நாடா ஒட்டிக்கொண்டிருந்தது. சுத்தம் செய்து ஓட்ட வேண்டும் என்று அதை மட்டும் நான்காம் நாள் மாலை புத்தூருக்கு எடுத்து வந்தோம். நாடா சுழன்றது, எண்கள் வந்தன. எங்களுக்கு இப்போது எழுத்துகள் மனப்பாடம். தாளில் எழுதாமலே படித்துவிட்டேன்.

"ஆப்பரேஷன் வேண்டாம். எனக்கு இவ்வளவு போறும். வேதா கையெழுத்து போட்டாச்சு. அவகிட்ட சொல்ல வேண்டாம்."

மேலே வழக்கம்போல ராமாநுஜர் நாமம். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை.

அன்வர் நாற்காலியில் சாய்ந்துவிட்டார். "அந்த அம்மாவுக்கு இது வேணாங்க்கா" என்றார்.

"கேட்டிருக்காங்க. வாக்கு கொடுத்திருக்கோம்."

"மவுத்தானவர் சொல்லிட்டுப் போயிருக்காரு, சொல்ல வேண்டாம்னு. எங்கள்ல அதை வஸிய்யத்துன்னு சொல்லுவோம். அதை மீறக் கூடாது. கேசட் கெட்டுப்போச்சுன்னு சொல்லிருவோம்."

மாமி அதை நம்ப மாட்டார். நான் வேறு வழி பார்த்தேன். 'வேண்டாம்' என்பதில் ட-வுக்கு ஓர் எண், துணைக்காலுக்கு ஓர் எண். 141, 163. அந்த இரண்டையும் விழுங்கிவிட்டு டு-வின் எண்ணான 187-ஐச் சொன்னால் 'வேண்டும்' ஆகிவிடும். அதோடு நாடா அறுந்துவிட்டது என்று சொல்லிவிடலாம். அவர் கேட்ட நிம்மதியும் கிடைக்கும், இறந்தவர் சொன்னதும் நிறைவேறும். அன்வருக்கு மனசில்லை, ஆனால் தடுக்கவும் இல்லை. பிரியாணி வாங்கி வந்திருந்தார். இரண்டு பேரும் திறக்கக்கூட இல்லை.

ஐந்தாம் நாள் காலை மாமி தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு, நோட்டைத் திறந்து வைத்துக் காத்திருந்தார். இந்த ஒன்றைத் தானே எழுத வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்.

"எண்ணை மட்டும் சொல்லும்மா."

சொன்னேன். நாமம் முடிந்தது. ஆப்பரேஷன் என்ற சொல் முடிந்தது. கொம்பு, வ, ண்... "நூத்தி எண்பத்தி ஏழு" என்றேன்.  பிறகு ம்-முக்கு உரிய எண்ணைச் சொன்னேன். "இதோட டேப் அறுந்துபோச்சு மாமி."

மாமி எழுதினதைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது அவர் இல்லை" என்றார்.

நான் மடிக்கணினியை என் பக்கம் இன்னும் திருப்பிக்கொண்டேன்.

"அவர் வேண்டும்னு எழுத மாட்டார். வேணும்னுதான் அடிப்பார். மூணு நாளா நீயும்தானே படிச்சே. வேண்டும்னு உங்க ஊர்ல எழுதுவாளா இருக்கும். இங்க ண் வந்திருக்கு. ண் வந்தா அதுக்கு அப்பறம் அவர் அடிக்கறது ஒண்ணே ஒண்ணுதான்."

அவ்வளவு பழகிய மனுஷரின் வாய்மொழியை நான் என் ஊர்த் தமிழில் மாற்றிவைக்கப் பார்த்தேன். 

"மறுபடி சொல்லு. இருக்கறதைச் சொல்லு."

"நூத்தி நாப்பத்தி ஒண்ணு" என்றேன். "நூத்தி அறுபத்தி மூணு."

டு-வை ஒரு கோடு போட்டு அடித்தார். மேலே ட எழுதினார். பக்கத்தில் துணைக்காலை நிறுத்தி நிதானமாகப் போட்டார். "மிச்சத்தையும் சொல்லு, டேப் அறுந்திருக்காது" என்றார். சொன்னேன். கடைசி எண்வரை சொன்னேன். அன்வர் எழுந்து பால்கனிக்குப் போய் வீதியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மாமி வாய்விட்டுப் படிக்கவில்லை. ஒரு தடவை கண்ணால் படித்தார். நோட்டை மூடி அதன் மேல் கையை வைத்துக்கொண்டார்.

"உங்க மனசு நோகக் கூடாதுன்னுதான் மாமி அவர்..." என்று ஆரம்பித்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எனக்குச் சமாதானம் சொல்லாதே. டாக்டர் என்னைக் கேட்டார். மச்சினர் என்னைக் கேட்டார். எல்லாரும் வெளியில நின்னு என்னைத்தான் கேட்டா. பேச முடியாத மனுஷர், பதில் சொல்றதுக்குன்னே ஒரு பெட்டி பண்ணி ஆத்துல வெச்சிருந்தார். நான் அவரைக் கேட்கலை." விரல்களை மடக்கி எண்ணினார். "கொம்பு, வ, ண், ட, கால், ம். ஆறு தட்டு. அதுக்கு எத்தனை நேரம் ஆயிருக்கப் போறது."

 பெட்டியைக் கட்டலாமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. மாமி எழுந்து டிவியைப் போடச் சொன்னார். அன்வர் வந்து போட்டார். பெட்டியின் முன்னால் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, ஒட்டி வைத்த தாள் எழுத்துகளில் ஒவ்வொன்றாகத் தேடினார். கிடைத்ததும் ஒற்றை விரலால் தட்டினார். திரையில் ஒரு வெள்ளைக் கட்டம். அடுத்தது. அடுத்தது. ஐந்து கட்டங்கள் ஆனதும் ஆங்கில விசைகளின் பக்கம் போய் இன்னொன்றைத் தட்டினார்.

அது மட்டும் அழியாமல் தெளிவாக வந்தது. கேள்விக்குறி.

வேணுமா என்பதற்கு ஐந்து தட்டு. மாமி கைகளை மடியில் வைத்துக்கொண்டு திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கேள்விக்குறிக்குப் பக்கத்தில் கர்சர் அணைந்து அணைந்து எரிந்துகொண்டிருந்தது.